சிவாலய ஓட்டம்: முதல் முறை, 12 கோயிலும் நடந்தே. எப்படித் தயாராவது?

இரணியல்காரன்

எல்லோருக்கும் வணக்கம். வருகிற மகா சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம் போவதாக நேர்ச்சை. நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் 12 சிவன் கோயில்களையும் ஓடியோ நடந்தோ ஒரே மூச்சில் கும்பிட்டு வருகிற அதே ஓட்டம்தான். அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் 12 கோயிலுக்கும் நடந்தே வருகிறேன் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று வேண்டிக்கொண்டது. அம்மா இப்போது என்னைவிட வேகமாக நடக்கிறார். பாக்கி என்னுடையதுதான்.

சொந்த ஊர் இரணியல் பக்கம், பிழைப்பு பெங்களூரில். நாள் முழுக்க நாற்காலி. வயது 41, எடை 84 கிலோ. சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லை. சின்ன வயதில் அப்பாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து எல்லாக் கோயிலும் கும்பிட்டிருக்கிறேன், அதனால் வழி ஓரளவு தெரியும். கையில் 3 மாதம் இருக்கிறது.

ஓட வேண்டுமா, நடந்தால் போதுமா? செருப்பில்லாமல் முடியுமா? விரதத்தோடு பயிற்சி எடுக்கலாமா? கையில் என்னென்ன எடுத்துக்கொள்வது? இணையத்தில் தேடினால் ஒருத்தர் மாரத்தான் அட்டவணை தருகிறார், இன்னொருத்தர் "சிவன் பார்த்துக்கொள்வார், சும்மா வாங்க" என்கிறார். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.


முஞ்சிறை மச்சான்

வாங்க மக்கா. முதலில் நேரக் கணக்கைப் போடுங்கள், பாதிக் கேள்விக்குப் பதில் அதிலேயே வந்துவிடும்.

மொத்தம் சுமார் 110 கி.மீ. என்பது பொதுவாகச் சொல்கிற கணக்கு. குறுக்கு வழி தெரிந்த கூட்டத்தோடு போனால் குறையும், ஆனால் 110 என்றே வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கம் எங்கள் முஞ்சிறையில் இருக்கும் திருமலைக் கோயில், சிவராத்திரிக்கு முந்தின நாள் மாலை. முடிவு திருநட்டாலம், சிவராத்திரி இரவு. மணிக்கு 5 கி.மீ. என்றால் நடக்க மட்டும் 22 மணி நேரம். ஒவ்வொரு கோயிலிலும் குளித்து, வரிசையில் நின்று, கும்பிட்டு வெளியே வர 20 நிமிடம் என்று குறைத்துப் போட்டாலும் 12 கோயிலுக்கு 4 மணி நேரம். ஆக 26. மாலை 4 மணிக்குக் கிளம்பினால் மறுநாள் மாலை 6 மணிக்கு நட்டாலம். இதில் உட்காருவது, கஞ்சி குடிப்பது, கொப்புளம் பார்ப்பது எதுவும் சேரவில்லை. சேர்த்தால் இரவு 9, 10 ஆகிவிடும்.

ஓட வேண்டிய அவசியமே இல்லை என்பது இதிலேயே தெரிகிறதா? பெயர்தான் ஓட்டம். பையன்கள் இரண்டாவது கோயிலான திக்குறிச்சி வரை பறப்பார்கள். சிதறால், அருமனை, களியல் தாண்டி மூன்றாவது கோயிலான திற்பரப்பில் போய் விழுந்து கிடப்பார்கள். நீங்கள் அதே நடையில் பைய வந்து அவர்களைத் தாண்டிப் போகலாம்.

இன்னொன்று. தூரத்தை நினைத்துப் பயப்படாதீர்கள். ராத்திரி முழுக்கக் குளிர்ச்சி, கூட்டம், "கோவிந்தா கோபாலா" சத்தம், கால் தானாகப் போகும். திருநந்திக்கரை, பொன்மனை எல்லாம் அப்படியே முடிந்துவிடும். பன்னிப்பாகம், கல்குளம் வரும்போது வெயில் ஏறும். மேலாங்கோட்டில் இருந்து திருவிடைக்கோடு, அங்கிருந்து தக்கலை வழி திருவிதாங்கோடு. இதுதான் ஆளைச் சாய்க்கிற இடம். ராத்திரி தூக்கம் இல்லை, ஊறிப்போன கால், உச்சி வெயில், தார் ரோடு. உங்கள் 3 மாதத்தை அந்த நாலைந்து மணி நேரத்துக்காகச் செலவழியுங்கள்.


கோவிந்தன் வழி

மேலே மச்சான் சொன்ன கணக்கு சரி. ஆனால் இதை ஏதோ நடைப்போட்டி மாதிரிப் பேசுவது எனக்கு ஒப்பவில்லை.

பாதி மனிதன், பாதி மிருகமான புருஷாமிருகத்தின் பாலைக் கொண்டுவரப் போன பீமனிடம் கிருஷ்ணன் 12 ருத்திராட்சம் கொடுத்து அனுப்பினார். அது சிவபக்தி மிருகம், விஷ்ணு நாமம் காதில் விழுந்தாலே ஆகாது. பீமன் "கோவிந்தா கோபாலா" என்று கத்திக்கொண்டே ஓடுகிறான், அது பிடிக்க வரும்போது ஒரு ருத்திராட்சத்தைக் கீழே போடுகிறான், அது லிங்கமாகிறது, மிருகம் பூசை செய்ய நின்றுவிடுகிறது. அப்படிப் பன்னிரண்டு இடம். கடைசியில் நட்டாலத்தில் பீமனின் ஒரு கால் மிருகத்தின் எல்லைக்கு உள்ளே, ஒரு கால் வெளியே. வழக்கு தருமனிடம் போக, தம்பி என்றும் பார்க்காமல் பாதி உடம்பு மிருகத்துக்கு என்று தீர்ப்புச் சொன்னார். அங்கே அரியும் அரனும் ஒன்றாகக் காட்சி கொடுத்ததால் சங்கரநாராயணர். சைவக் கோயிலுக்குப் போகிற நாம் கோவிந்தனைக் கூப்பிடுவதும், நம்மைக் கோவிந்தன்மார் என்று சொல்வதும் இதனால்தான்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், ஒரு வாரம் முன்பே மாலை போட்டு, காலையும் மாலையும் குளித்து, ஒழுங்காக விரதம் இருங்கள். காவி வேட்டி, துளசி மாலை, கையில் பனையோலை விசிறி. விசிறிக் காம்பில் இரண்டு சின்னத் துணிப்பை, ஒன்றில் திருநீறு, ஒன்றில் பணம். எங்கள் குருசாமி காலத்தில் இவ்வளவுதான் சாமான். முதுகுப்பை, தண்ணீர்க் குழாய், ஸ்மார்ட் வாட்ச் எதுவும் இல்லை. செருப்பு கண்டிப்பாக இல்லை.


வில்லுக்குறி வேகம்

குருசாமி காலத்தில் தார் ரோடு எவ்வளவு இருந்தது அண்ணாச்சி? மண் ரோட்டில் வெறுங்காலோடு போவதும் இன்றைக்குத் தக்கலை ரோட்டில் மத்தியானம் போவதும் ஒன்றா?


கோவிந்தன் வழி

அதே தார் ரோட்டில் போன வருடமும் ஆயிரக்கணக்கான பேர் வெறுங்காலோடுதானே போனார்கள் தம்பி. மனசு வைத்தால் முடியும்.


பாதம் பார்ப்பவன்

மார்த்தாண்டத்தில் பிசியோதெரபி பார்க்கிறேன். சிவராத்திரி முடிந்த வாரம் எனக்குத் திருவிழா மாதிரிதான், நொண்டிக்கொண்டு வருகிறவர்கள் வரிசையில் நிற்பார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வெறுங்காலா செருப்பா என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை, அது உங்கள் நேர்ச்சை. ஆனால் வெறுங்கால் என்றால் இன்றைக்கே தொடங்க வேண்டும். 3 மாதம் ஷூ போட்டு நடந்து பழகிவிட்டு அன்றைக்கு மட்டும் கழற்றினால் உள்ளங்காலைவிட முதலில் குதிகாலும் கெண்டைக்கால் சதையும்தான் போகும். ஷூவில் குதிகால் கொஞ்சம் உயர்ந்தே இருக்கும். வெறுங்காலில் அந்த உயரம் போனதும் குதிகாலின் பின்பக்கத் தசைநார் முழுதாக இழுபடும். முதல் வாரம் ஒரு நாளைக்கு 10 நிமிடம் வெறுங்காலோடு நடந்தால் போதும். வாரத்துக்கு 5, 10 நிமிடம் கூட்டுங்கள். காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் குத்தினால் அந்த வாரம் கூட்டாதீர்கள்.

மொத்த நடை தனிக் கணக்கு. வாரத்தில் 4 நாள் 40 நிமிடத்தில் தொடங்கி, ஞாயிறு மட்டும் நீண்ட நடை. 10, 12, 15 கி.மீ. என்று ஏற்றுங்கள், மூன்று வாரம் ஏற்றினால் நான்காவது வாரம் குறைக்க வேண்டும். இரண்டாவது மாதத்தில் ஒரு தடவையாவது சனி மாலை 20 கி.மீ., ஞாயிறு காலை எழுந்ததும் 15 கி.மீ. நடந்து பாருங்கள். களைத்த காலோடு நடப்பது எப்படி என்று அப்போதுதான் தெரியும். சிவராத்திரிக்கு மூன்று வாரம் முன்பு ஒரே மூச்சில் 40 கி.மீ., அதுவும் ராத்திரி. அதற்குப் பிறகு குறைத்துக்கொண்டே வந்து கடைசி வாரம் சும்மா உலாவினால் போதும். 110-ஐ வீட்டில் நடந்து பார்க்கவே கூடாது.

இப்போது ஈரம். இந்த ஓட்டத்தில் மற்ற பாதயாத்திரைகளில் இல்லாத விஷயம் ஒவ்வொரு கோயிலிலும் குளிப்பது. திருச்செந்தூர் நடைக்குப் போய்ப் பழகியவர்கள்கூட இதில் மாட்டிக்கொள்வார்கள். குளித்துவிட்டு ஈர வேட்டியோடு அப்படியே ஓடுவார்கள். ஆறேழு குளியல் ஆனதும் உள்ளங்கால் தோல் வெள்ளையாக ஊறிச் சுருங்கி, விரல் வைத்து அழுத்தினால் பள்ளம் அப்படியே நிற்கும். அந்தத் தோல் தாரில் உரசினால் மேலடுக்கு தனியாக வழுக்கும். முன்பாதத்தில் விரல்களுக்குக் கீழே இருக்கும் மெத்தையில்தான் முதலில் கொப்புளம் வரும், அதற்குள் பொடி மணலும் ஏறியிருக்கும்.

அதனால் குளித்ததும் ஒரு உலர்ந்த துவர்த்து (துண்டு) எடுத்து விரல் இடுக்கு உட்பட நன்றாகத் துடைத்து, 2 நிமிடம் உட்கார்ந்து காற்றாட விட்டுக் கிளம்புங்கள். விசிறி கையில் இருக்கிறதே, சுவாமிக்கு வீசிய பிறகு காலுக்கும் வீசுங்கள், தப்பில்லை. பிளாஸ்டர் ஒட்டினால் இத்தனை குளியலுக்கு நிற்காது. கொப்புளம் வந்தால் மேல் தோலைப் பிய்க்காதீர்கள். சின்னதென்றால் விட்டுவிடுங்கள். பெரிதாகி நடக்க முடியவில்லை என்றால் சுத்தமான ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை மட்டும் வெளியேற்றி மேலே சுத்தத் துணி கட்டுங்கள். நகத்தை நாலு நாள் முன்பே நேராக வெட்டிவிடுங்கள்.

யாரும் வாய்விட்டுச் சொல்லாத இன்னொரு தொல்லை, தொடை உரசிப் புண்ணாவது. ஈர வேட்டி அந்த இடத்தை அரம் போட்டுவிடும். ஒவ்வொரு குளியலுக்கும் பிறகு வாசலின் கொஞ்சம் தடவுங்கள். உள்ளே முட்டி வரை வரும் இறுக்கமான கால்சட்டை போட்டால் இன்னும் நல்லது.

வலி மாத்திரையை முன்கூட்டியே போட்டுக்கொண்டு கிளம்பும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கும் நேரத்தில் டைக்ளோபெனாக், ஐபுபுரூபன் வகைகள் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். வேண்டாம். சிறுநீர் கட்டன் சாயா (பால் சேர்க்காத டீ) நிறத்தில் போனால் அன்றைக்கு ஓட்டம் முடிந்தது, நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தசை சிதைந்து சிறுநீரகத்தில் அடைக்கிறது என்று அர்த்தம். அதில் மட்டும் மனசு வைத்தால் முடியும் என்ற பேச்சே கிடையாது.


கோவிந்தன் வழி

கடைசி வரி எனக்குத்தான் என்று புரிகிறது. ஏற்றுக்கொள்கிறேன் டாக்டரே. ஆனால் விசிறியைக் காலுக்கு வீசுவது கொஞ்சம் அதிகம்.


பாதம் பார்ப்பவன்

சரி, துண்டால் வீசட்டும்.


பள்ளியாடி மோர்ப்பந்தல்

எங்கள் வீட்டு முன்னால் வருடா வருடம் பந்தல் போட்டு மோர், பானகம் கொடுப்போம். நாங்கள் கிறிஸ்தவர்கள். அப்பா தொடங்கி வைத்தது, இப்போது நானும் மச்சினனும் பார்க்கிறோம்.

திருவிதாங்கோடு முடித்துத் திருப்பன்றிக்கோட்டுக்குப் போகிறவர்கள் எங்களிடம் வந்து சேரும்போது பத்துக் கோயில் முடித்திருப்பார்கள். பாதிப் பேர் பந்தல் கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் உட்காருவார்கள். எழுந்திருக்க இரண்டு பேர் தூக்கிவிட வேண்டும். "உட்காராதீங்க, நின்னுக்கிட்டே குடிங்க" என்று நாங்களே சொல்வோம். உட்கார்ந்தால் கால் இறுகிவிடும்.

நான் கவனித்த ஒன்றைச் சொல்கிறேன். முழுக்கத் தண்ணீரும் இளநீரும் மட்டும் குடித்துக்கொண்டு வருகிறவர்கள்தான் தலைசுற்றல், வாந்தி என்று சாய்கிறார்கள். உப்புப் போட்ட மோரும் பயறு கஞ்சியும் குடித்தவர்கள் தெம்பாக இருக்கிறார்கள். டாக்டர் இதைப் பற்றிச் சொல்லுங்கள்.


பாதம் பார்ப்பவன்

நூற்றுக்கு நூறு சரி. வியர்வையில் உப்புப் போகும், வெறும் தண்ணீராக ஊற்றிக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், குழப்பம் எல்லாம் அதில் வரும். பார்க்கிறவர்கள் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள், நிலைமை மோசமாகும். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. அதனால் இளநீர் நல்லதுதான், ஆனால் மோருக்குப் பதிலாகாது.

ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நாலு வேட்டி மடிப்பில் வையுங்கள். ஒரு பொட்டலத்துக்குச் சரியாக 1 லிட்டர். சின்னக் குப்பியில் முழுப் பொட்டலத்தையும் கொட்டிக் கெட்டியாகக் குடிக்கக் கூடாது. பொட்டலம் இல்லாவிட்டால் 1 லிட்டர் தண்ணீர், தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. தாகம் எடுக்கும்போது குடியுங்கள். மணிக்கு இவ்வளவு என்று வலுக்கட்டாயமாகக் குடிக்க வேண்டாம்.


கோவிந்தன் வழி

சில குடும்பத்தில் விரத நாளில் இளநீர், நுங்கு, பழம் மட்டும்தான். உப்பே தொட மாட்டார்கள். தம்பி, உங்கள் குருசாமியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வழியில் ஊர்க்காரர்கள் கொடுக்கும் மோரையும் கஞ்சியையும் பிரசாதமாக வாங்கிக் குடிக்கலாம் என்பதுதான் எங்கள் வழக்கம். பயிற்சி நடக்கும் மாதங்களில் பட்டினி கிடக்க வேண்டாம், நன்றாகச் சாப்பிடுங்கள். கடைசி வாரம்தான் விரதம். அந்த வாரம் நடையும் குறைவு என்று டாக்டர் சொல்லிவிட்டார், இரண்டும் பொருந்திப் போகிறது. மட்டி வாழைப்பழம் தாராளமாகச் சாப்பிடுங்கள்.


குலசேகரம் ரப்பர்

ராத்திரிப் பகுதி பற்றி யாரும் எழுதவில்லை. திற்பரப்பில் இருந்து திருநந்திக்கரை, பொன்மனை வரை எங்கள் ஏரியா, அதனால் நான்.

இரண்டு பக்கமும் ரப்பர்த் தோட்டம். இந்தச் சமயத்தில் ரப்பர் இலையுதிர்த்துத் தளிர்விடும், தரை முழுக்கச் சருகு. குறுக்கு வழி என்று யாராவது தோட்டத்துக்குள் கூட்டிப் போனால் வெறுங்காலோடு சருகில் மிதிக்காதீர்கள், கீழே என்ன கிடக்கிறதென்று தெரியாது. ரோட்டோடு வாருங்கள். டார்ச்சைக் கையில் பிடித்தால் விசிறிக்குக் கை இருக்காது. ரப்பர்ப் பால் வெட்டப் போகிறவர்கள் நெற்றியில் கட்டும் லைட் இங்கே எந்தக் கடையிலும் கிடைக்கும், அதை வாங்கிக்கொள்ளுங்கள். எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்காமல் கீழே திருப்பி வையுங்கள்.

திற்பரப்பில் கோதையாற்றில் ராத்திரி குளிக்கும்போது பாறை வழுக்கும். ஈரக்காலோடு அவசரப்பட்டு இறங்கி இடுப்பு அடிபட்டு அங்கேயே முடித்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கூட்டம் இருக்கும் படிக்கட்டில் மட்டும் இறங்குங்கள். திருநந்திக்கரையில் கொஞ்சம் நேரம் கிடைத்தால் பக்கத்துக் குடைவரையையும் எட்டிப் பாருங்கள் என்று சொல்ல ஆசைதான், இருட்டில் என்ன தெரியப் போகிறது. பகலில் தனியாக ஒரு நாள் வாருங்கள்.

தூக்கம் ஒருநாளும் ஒரு மணிக்கு வராது, நாலு மணிக்கு வரும். பொன்மனையில் இருந்து வலியாற்றுமுகம், சித்திரங்கோடு வழி வரும்போது நடந்துகொண்டே தூங்குவீர்கள். பேச்சுத்துணை வேண்டும். தனியாக வராதீர்கள்.


தக்கலை டீச்சர்

பெண்கள் யாரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். ஓடுகிற கூட்டத்தில் ஆண்கள்தான் அதிகம், பெண்கள் வண்டியில் போவதுதான் வழக்கமாக இருந்தது. இப்போது நடக்கிறவர்களும் உண்டு. நாங்கள் சக ஆசிரியைகளாகச் சேர்ந்து நடந்தோம்.

எங்களுக்குப் பெரிய சிக்கல் தூரமும் இல்லை, வெயிலும் இல்லை, கழிப்பறை. மார்த்தாண்டம் பக்கம், தக்கலை பக்கம் பெட்ரோல் பங்க் இருக்கும். நடுவில் ராத்திரி முழுக்க யாராவது வீட்டில்தான் கேட்க வேண்டும். இதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் வருகிறவர்களைப் பார்த்தேன், அவர்கள்தான் மத்தியானம் சுருண்டார்கள். வழியில் சொந்தக்காரர்கள், கூட வேலை பார்ப்பவர்கள் வீடு எங்கெங்கே இருக்கிறது என்று எழுதி, முன்கூட்டியே போன் போட்டுச் சொல்லி வைத்தோம். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு வீட்டில் லைட் போட்டுச் சுக்குக் காப்பியோடு காத்திருந்தார்கள். இந்த மாவட்டத்தில் கேட்டால் யாரும் கதவை மூட மாட்டார்கள், கூச்சம் நமக்குத்தான்.

எல்லாக் கோயிலிலும் முழுகிக் குளிக்கவில்லை. திருமலையில் குளித்தோம், மற்ற இடங்களில் கால் கை நனைத்துத் தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டோம். ஈர உடையோடு நடக்க முடியாது. இதைப் பற்றி யாராவது கோவிந்தன் வழி அண்ணன் போலச் சண்டைக்கு வந்தால், வரட்டும்.


கோவிந்தன் வழி

நான் எங்கே டீச்சர் சண்டைக்கு வந்தேன்? என் மகளும் அடுத்த வருடம் வருகிறேன் என்கிறாள். உங்கள் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.


நித்திரவிளை அண்ணாச்சி

எனக்கு வயது 58, சர்க்கரைக்கு மாத்திரை இரண்டு வேளை. வாலிபத்தில் ஓடியிருக்கிறேன். இந்த வருடம் ஒரு தடவை நடந்துவிட வேண்டும் என்று ஆசை. மகன் விடமாட்டேன் என்கிறான். டாக்டர் தம்பி என்ன சொல்கிறீர்கள்?


பாதம் பார்ப்பவன்

மகன் பக்கம்தான் நிற்பேன் அண்ணாச்சி. இரண்டு காரணம். சர்க்கரை நாள்பட்டால் பாதத்தில் உணர்ச்சி குறையும். தார் சுடுவது, கண்ணாடி குத்துவது உங்களுக்குத் தெரியாமலே போகும், வீட்டுக்கு வந்து பார்த்தால் புண் ஆழமாக இருக்கும். வெறுங்கால் உங்களுக்குக் கூடவே கூடாது. அடுத்தது விரதம். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் நடந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கும். டாபாகிளிஃப்ளோசின் வகை என்றால் பட்டினியும் நீரிழப்பும் சேர்ந்து ரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்து. உங்களுக்கு மருந்து எழுதுகிறவரிடம் சீட்டைக் காட்டிக் கேளுங்கள், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

அவர் சம்மதித்தால் பதினோரு கோயில் வண்டியில் போய், திருப்பன்றிக்கோட்டில் இருந்து நட்டாலம் வரை மட்டும் சாயங்காலம் நல்ல செருப்போடு மகன் கூட நடங்கள். சின்ன தூரம். கையில் மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள்.


வில்லுக்குறி வேகம்

வண்டியில் போனால் அது ஓட்டமா என்று இப்போது ஒருத்தர் வருவார் பாருங்கள்.


மட்டுறுத்துநர்

வந்தார்கள், ஒன்பது பதிவு போட்டார்கள். வண்டியா நடையா சண்டையைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன், அங்கே தொடருங்கள். வண்டியில் போகிறவர்களுக்கு ஒன்று மட்டும்: நடக்கிறவர்கள் காதருகே ஹாரன் அடிக்காதீர்கள், சைலன்சரைக் கழற்றிய பைக்கோடு வராதீர்கள். இங்கே தயாரிப்பு பற்றி மட்டும்.


இரணியல்காரன்

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்கு வந்தவன், மச்சான் சொன்ன அந்தப் பகுதியை மத்தியானத்தில் நடந்து பார்த்தேன். மேலாங்கோட்டில் தொடங்கித் திருவிடைக்கோடு, தக்கலை, கேரளபுரம் வழி திருவிதாங்கோடு. வேண்டுமென்றே குளித்துவிட்டு ஈரக்காலோடு. மாசி அளவுக்கு வெயில் இல்லை, ஆனாலும் போதுமானது.

திருவிடைக்கோடு வரை பரவாயில்லை, தென்னை நிழல் விட்டு விட்டுக் கிடைக்கிறது. பெரிய ரோட்டில் ஏறியதும் கதை மாறியது. கறுப்புத் தாரில் நாலு எட்டு வைக்க முடியவில்லை. ரோட்டு ஓரத்தில் போட்டிருக்கும் வெள்ளைக் கோட்டில் மிதித்தால் சூடு தெளிவாகக் குறைகிறது! தக்கலை வரை கிட்டத்தட்ட அந்தக் கோட்டின் மேலேயே வந்தேன். எதிரே கல் ஏற்றிய டாரஸ் லாரி வரும்போது மட்டும் புல்லில் இறங்க வேண்டியிருந்தது, அங்கே நெருஞ்சி.

முன்பாதத்தில் சிவந்திருக்கிறது, கொப்புளம் இல்லை. பார்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி "சிவராத்திரிக்கு இன்னும் நாள் கெடக்கே மக்களே" என்று சிரித்தார்.

இப்போது என் முடிவு: நடை மட்டும், வெறுங்கால். முதுகுப்பை இல்லை. இடுப்பில் சின்னப் பை, அதில் ஓ.ஆர்.எஸ்., வாசலின், ஊசி, துணி, நெற்றி லைட். உலர்ந்த துவர்த்துக்குத் தனி பிளாஸ்டிக் கவர். விசிறியில் இரண்டு பை, கோவிந்தன் வழி அண்ணன் சொன்னபடி. ஒரு சந்தேகம்: தார் தாங்கவே முடியாமல் போனால் இடையில் செருப்புப் போடலாமா? நேர்ச்சை நடந்து வருவதாகத்தான், வெறுங்காலோடு என்று சொல்லவில்லை.


கோவிந்தன் வழி

வேண்டிக்கொள்ளும்போது வெறுங்கால் என்று சொல்லவில்லை என்றால் நீங்கள் கட்டுப்பட்டவர் இல்லை. என் காலில் நான் போட மாட்டேன். உங்கள் காலைப் பார்த்து நான் முகம் சுளிக்கவும் மாட்டேன். தக்கலை ரோட்டுக்கு மட்டும் ஒரு ரப்பர்ச் செருப்பை அந்தப் பக்கத்து ஆள் யாரிடமாவது கொடுத்து வையுங்கள், சுமந்துகொண்டு வர வேண்டாம்.


வில்லுக்குறி வேகம்

என்னிடம் கொடுங்கள். அன்று எங்களுக்கும் லீவுதான், ரோட்டோரம் தர்பூசணி வெட்டிக்கொண்டு நிற்போம். வெள்ளைக் கோடு நல்ல யோசனை, ஆனால் அன்றைக்குப் பந்தலுக்குப் பந்தல் ரோட்டில் தண்ணீர் தெளித்திருக்கும். நனைந்த பெயின்ட் வழுக்கும், கவனம்.


பாதம் பார்ப்பவன்

மத்தியானம் 12-இல் இருந்து 2 வரை திருவிடைக்கோட்டிலேயே படுத்துவிட்டு வரலாம் என்பதையும் யோசியுங்கள். இரவு 10-க்கு முடிப்பது 12 ஆகும், அவ்வளவுதானே. சிவராத்திரியில் யார் தூங்கப் போகிறார்கள்.

திரும்பி எப்படிப் போவதாக உத்தேசம்?


இரணியல்காரன்

நட்டாலத்தில் முதல் நாளே பைக்கை நிறுத்தி வைக்கலாம் என்று இருக்கிறேன். வீடு ரொம்ப தூரமில்லையே.


முஞ்சிறை மச்சான்

பைக்கைத் தொடவே கூடாது. இரண்டு நாள் தூங்காத கண்ணோடு, பிரேக்கை மிதிக்க முடியாத காலோடு ராத்திரியில் வண்டி ஓட்டுவதா? 110 கி.மீ. நடையில் வராத ஆபத்து அந்தக் கடைசிப் பத்துப் பதினைந்து கி.மீ.யில் வரும். யாரையாவது வரச் சொல்லுங்கள்.


பள்ளியாடி மோர்ப்பந்தல்

நட்டாலம் எங்கள் வீட்டில் இருந்து பக்கம்தான். பந்தலை எடுத்து வைத்த பிறகு எனக்கும் வேலை இல்லை, காரில் வந்து இரணியலில் விடுகிறேன். பந்தலைத் தாண்டும்போது நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். சீட்டில் பழைய சாக்கு விரித்து வைப்பேன், காலை அதிலேயே வையுங்கள். போன தடவை ஒருத்தர் இறங்கிய பிறகு வண்டி கழுவ எனக்கு அரை நாள் போனது.